கட்டிவைத்த நாய் அமைதியாகிவிட்டால் அது நிம்மதியாக இருக்கிறது என்று கொள்ளலாமா?

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாபநாசத்தை அடுத்து, குடமுருட்டியிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஊரிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் கருப்பி என்று ஒரு நாட்டு நாய் இருக்கிறாள், வயது இரண்டரை. சென்ற தை மாதம் வரை அவள் முழுக்க முழுக்க அப்பாவின் நாய். விடியற்காலையில் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டால் அவள் முன்னால் ஓடுவாள். அவர் மடை திறக்கும் நேரத்தில் வரப்பில் நண்டு வளைகளை ஒவ்வொன்றாக மோந்துகொண்டிருப்பாள். அறுவடை நாட்களில் களத்துமேட்டில் நெற்குவியலுக்குப் பக்கத்தில் அவரோடு படுத்திருப்பாள். மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா திருச்சியில் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டார். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டோம். நானும் என் கணவரும் காலை எட்டரை மணிக்குப் பள்ளிக்குப் புறப்பட்டால் மாலை ஐந்தரை மணிக்குத்தான் திரும்புகிறோம்.

அப்பா போன முதல் வாரத்திலேயே அவள் கொல்லையில் வைத்திருந்த வாழைக்கன்றுகளைத் தோண்டிப் போட்டாள், கொடியில் காய்ந்த துணிகளை இழுத்துக் கிழித்தாள், பக்கத்து வீட்டுக் கோழிகளைத் துரத்தினாள். வேறு வழி தெரியாமல் கிணற்றடித் தூணில் சங்கிலியால் கட்டினோம். ஒரு மாதம் ஊளையிட்டாள். பிறகு நின்றுவிட்டது. இப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். கதவு திறக்கும் ஓசைக்குத் தலையைக்கூடத் தூக்குவதில்லை. வலது முன்னங்காலை நக்கி நக்கி அந்த இடத்தில் முடியே இல்லை. தெருவில் எல்லாரும், “இப்போதுதான் சாதுவாகியிருக்கிறது” என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. கடையில் நானூறு ரூபாய்க்கு ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்து போட்டேன். அவள் அதை ஒரு முறை மோந்ததோடு சரி. அவளுக்கு என்ன வேண்டும் என்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


ஒரத்தநாட்டு மாணவன்

அக்கா, நான் கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். முதலில் அந்தக் காலை ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஒரே இடத்தை ஓயாமல் நக்குவதற்கு உண்ணிக்கடி, பூஞ்சைத் தொற்று, ஒவ்வாமை, மூட்டுவலி, விரலிடுக்கில் ஏறிய முள் என்று உடல் சார்ந்த காரணங்கள் பல உண்டு. சலிப்பினாலும் பதற்றத்தினாலும் நக்கத் தொடங்கிய இடமே நாளடைவில் புண்ணாகி, அந்தப் புண்ணின் அரிப்பே மேலும் நக்கத் தூண்டுவதும் உண்டு. உடம்பைப் பார்க்காமல் மனத்தைப் பற்றி மட்டும் பேசுவது தவறு.

இரண்டாவதாக, உங்களை உறுத்தும் அந்தச் சொல். 1967-இல் அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்னும் இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். எவ்வளவு முயன்றாலும் தப்ப முடியாதபடி மின்னதிர்ச்சி தரப்பட்ட நாய்களைப் பிறகு, தாழ்வான ஒரு தடுப்பைத் தாண்டினாலே அதிர்ச்சியிலிருந்து தப்பிவிடலாம் என்ற இடத்தில் விட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. முனகியபடி படுத்து அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டன. கொடுமையான சோதனைதான், இன்று அதைச் செய்ய எளிதில் அனுமதி கிடைக்காது. ஆனால் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்ற கருத்து அதிலிருந்துதான் பிறந்தது. தான் எதைச் செய்தாலும் ஒன்றும் மாறப்போவதில்லை என்று ஓர் உயிர் அறிந்துகொண்டால் அது முயற்சியைக் கைவிடுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அடக்கமாகத் தெரியும். கருப்பியின் மனநிலை இதுதான் என்று பார்க்காமலே நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் ஊளை நின்றதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நிம்மதியாக இருக்கும் நாய் கதவு திறக்கும்போது தலையைத் தூக்கும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 11-ஆம் பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரத்துக்குக் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைக்கப்படும் நாய்க்கு நியாயமான அளவு உடற்பயிற்சி தராமல் இருப்பதையும் கொடுமைகளின் பட்டியலிலேயே சேர்த்திருக்கிறது. உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் இது கவனிக்கப்பட்டிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பந்தை அவள் ஏன் தொடவில்லை என்பதற்கு உங்கள் பதிவின் முதல் பத்தியிலேயே விடை இருக்கிறது. அப்பாவோடு இருந்தபோது அவள் பந்து விளையாடவில்லை. நடந்தாள், மோந்தாள், தோண்டினாள், காவலிருந்தாள், ஒரு மனிதரின் பக்கத்தில் படுத்தாள். போனது இந்த ஐந்தும்.


வெண்ணாற்றங்கரை அம்மா

மகளே, தம்பி சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நாய் இல்லாத நாள் கிடையாது. நாயை நடத்திக்கொண்டு போகும்போது நாம் செய்யும் பெரிய தவறு, நம்முடைய நடைக்கு அதை இழுத்துக்கொண்டு போவது. அது ஒரு வேலிக்காலில் நின்று மோந்தால் ‘வா வா’ என்று கயிற்றைச் சுண்டுகிறோம். அந்த வேலிக்காலில் நேற்று இரவு யார் வந்து போனார்கள், ஆணா பெண்ணா, நோயாளியா, எந்தப் பக்கமாகப் போனார்கள் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. நாம் செய்தித்தாளைக் கையில் எடுத்தவுடனே ஒருவர் பிடுங்கிக்கொண்டால் எப்படி இருக்கும்?

நீளமான பருத்திக் கயிறு ஒன்று வாங்கு, பதினைந்து அடியாவது இருக்கட்டும். விடிகாலையில், தார் சாலை சூடேறும் முன்பாக, வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அவள் மூக்கே சொல்லட்டும். அரை மணி நேரத்தில் நூறு அடிதான் நகர்ந்தாலும் போதும். வீட்டுக்கு வந்ததும் அவள் படுத்து உறங்குவதைப் பார். இரண்டு கல் தூரம் இழுத்துக்கொண்டு ஓடியபோதும் அப்படி உறங்கியிருக்க மாட்டாள்.

பகலுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஒரு கட்டு வைக்கோலை உதறிப் பரப்பி, அதற்குள் சிறுசிறு கருவாட்டுத் துண்டுகளைத் தூவிவிட்டுப் போ. தேடித் தேடித் தின்பாள்.


ஒரத்தநாட்டு மாணவன்

அம்மா சொன்ன மோப்ப நடையை ஆராய்ச்சியும் உறுதி செய்கிறது. 2019-இல் சார்லட் டுராண்டன், அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள், சில நாய்களுக்கு இரண்டு வாரம் மோப்பம் பிடித்துத் தேடும் பயிற்சியையும், வேறு சில நாய்களுக்கு உரிமையாளரின் காலடியை ஒட்டியே நடக்கும் பயிற்சியையும் கொடுத்தார்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும், உணவு இருக்குமா இருக்காதா என்று தெரியாத ஓரிடத்தில் ஒரு கிண்ணத்தை வைத்து, நாய் அதை நோக்கி எவ்வளவு விரைவாகப் போகிறது என்று அளந்தார்கள். மோப்பப் பயிற்சி பெற்றவை முன்பைவிட விரைந்து போயின. மற்றவற்றில் அந்த மாற்றம் இல்லை. ‘இருக்கும்’ என்று எதிர்பார்த்துப் போவதைத்தான் அவர்கள் நம்பிக்கை மனநிலை என்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வாரத்தில் வந்த மாற்றம் இது.

கருவாடு மட்டும் வேண்டாம் அம்மா, உப்பு மிகுதி. உப்பில்லாமல் வேகவைத்த கோழியிறைச்சியோ முட்டையோ சிறு துண்டுகளாகப் போதும். வேகவைத்த எலும்பு கூடாது; அது கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வைக்கோல் புதியதாகவும் பூஞ்சை பிடிக்காததாகவும் இருக்க வேண்டும்.


மன்னார்குடி உழவன்

எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும், நான் மாறுபடுகிறேன். எங்கள் தாத்தா காலத்தில் வாசலில் மூன்று நாய்கள் கிடந்தன. பழைய சோற்றைத் தவிர அவற்றுக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. வைக்கோலில் இறைச்சி ஒளித்ததில்லை, மோப்பப் பயிற்சி தந்ததில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் நன்றாகத்தான் வாழ்ந்தன. வெளிநாட்டிலிருந்து ஒரு சொல் வந்துவிட்டது என்பதற்காக, நம் மனத்தில் இருப்பதையெல்லாம் நாயின் மனத்தில் ஏற்றிப் பார்க்கிறோமோ என்று எனக்கு ஐயம் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இருக்கிற சுமை போதாதா?


வெண்ணாற்றங்கரை அம்மா

தம்பி, உங்கள் தாத்தாவின் நாய்களைக் கட்டியிருந்தார்களா? இதை மட்டும் யோசித்துப் பாருங்கள். அவை விடியலில் எழுந்து தெருவைச் சுற்றின, குளத்தில் இறங்கின, வைக்கோல்போரில் எலி பிடித்தன, மற்ற நாய்களோடு சண்டையிட்டுச் சமாதானமாயின, தேர்முட்டி நிழலில் படுத்தன. எப்போது எழுவது, எங்கே படுப்பது, யாரோடு சேருவது என்பதையெல்லாம் அவையே முடிவு செய்தன. யாரும் ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் போனதற்குக் காரணம், ஊரே அவற்றுக்கு எல்லாவற்றையும் கொடுத்ததுதான். அந்த ஊரை எடுத்துவிட்டு மூன்று முழச் சங்கிலியைக் கொடுத்தோமானால், எடுத்ததில் கொஞ்சத்தையாவது நாம்தான் திருப்பித் தர வேண்டும்.

வெளிநாட்டுச் சொல் என்றீர்கள். ஊர்க் குளக்கரையில் ஆவுரிஞ்சிக்கல் பார்த்ததுண்டா? மேய்ந்து, நீர் குடித்துத் திரும்பும் மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்வதற்காகவே நட்ட கல். முப்பத்திரண்டு அறங்களில் ஆவுரிஞ்சுதறி நாட்டுவதையும் ஒன்றாக நம் முன்னோர் வைத்தார்கள். மாட்டுக்குத் தீனி கொடுத்தாயிற்று, தண்ணீர் காட்டியாயிற்று, அவ்வளவுதான் என்று அவர்கள் நின்றுவிடவில்லை. முதுகு தினவெடுத்தால் அது எங்கே போய்த் தேய்க்கும் என்றும் நினைத்தார்கள். கை இல்லாத உயிருக்குச் சொறிந்துகொள்ள ஒரு கல் நடுவதை, கோயில் கட்டுவதைப் போல, சத்திரம் வைப்பதைப் போல அறமாக எண்ணினார்கள். நாம் பேசிக்கொண்டிருப்பதும் அதுதான் தம்பி.


ஒரத்தநாட்டு மாணவன்

ஆவுரிஞ்சிக்கல்லை இந்த நோக்கில் நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, அம்மா. இன்று நவீனப் பால் பண்ணைகளில் பசுக்கள் தேய்த்துக்கொள்வதற்குச் சுழலும் தூரிகைகளைப் பொருத்துகிறார்கள். அதை நாங்கள் விலங்கு நலம் என்ற பாடத்தில் படிக்கிறோம்.

உழவர் அண்ணனின் ஐயமும் மதிக்கத்தக்கதுதான். நம் மனத்தை விலங்கின் மேல் ஏற்றக் கூடாது என்பது சரி. அதனால்தான் நாம் எது நல்லது என்று நினைக்கிறோம் என்பதை விட்டுவிட்டு, வாய்ப்புக் கொடுத்தால் விலங்கு எதைத் தேர்ந்தெடுக்கிறது என்று பார்க்கிறார்கள். 1963-இல் கிளென் ஜென்சன் என்பவர், கிண்ணத்தில் இலவசமாக உணவு இருக்கும்போதே எலிகள் ஒரு கட்டையை அழுத்தி உழைத்தும் உணவு பெற விரும்புவதைக் கண்டார். பிறகு பல விலங்குகளிலும் பறவைகளிலும் இதைப் பார்த்திருக்கிறார்கள். தேடுவதே ஒரு தேவை என்பதை அவை தம் செயலால் சொல்கின்றன. நாம் கற்பித்துச் சொல்வதன்று. சுவிட்சர்லாந்து விலங்கியலாளர் ஹைனி ஹெடிகரும் விலங்குக்காட்சிச் சாலைகளைப் பற்றி 1940-களிலேயே, அடைபட்ட விலங்குக்கு இடத்தின் பரப்பைவிட அந்த இடத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது முக்கியம் என்று வற்புறுத்தினார்.

இதையே தமிழில் ‘செறிவூட்டல்’ என்கிறார்கள். என்ரிச்மென்ட் என்ற பெயரில் கடைகளில் விற்கும் பொம்மைகளை வைத்து அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அந்த இனம் எந்தச் செயலுக்காகப் பிறந்ததோ அந்தச் செயலைச் செய்ய ஓர் இடமும் நேரமும் கொடுப்பது, கூடவே அதைச் செய்வதா வேண்டாமா என்ற முடிவை விலங்கிடமே விடுவது. இந்த இரண்டாவது பகுதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.


கும்பகோணம் மாடிவீடு

இழையைத் திசைதிருப்புவதாக எண்ண வேண்டாம். இதே கேள்வி எனக்குப் பூனையைப் பற்றி இருக்கிறது. மகாமகக் குளத்துக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டின் மாடியில் இருக்கிறோம். சாலையில் போக்குவரத்து மிகுதி என்பதால் பூனையை வெளியே விடுவதில்லை. கிண்ணம் எப்போதும் நிறைந்திருக்கிறது. ஆனாலும் விடிகாலை நான்கு மணிக்கு உறங்குகிறவர்களின் கால்களைத் தாவிக் கடிக்கிறது. ‘கெட்ட பூனை’ என்று என் மாமியார் அதை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார்.


ஒரத்தநாட்டு மாணவன்

அது கெட்ட பூனை இல்லை அம்மா, வேட்டைக்கு வேறு எதுவும் கிடைக்காத பூனை. பூனையினம் விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாக இருக்கும். நாள் முழுவதும் சிறுசிறு இரைகளாகப் பலமுறை வேட்டையாடி உண்ணும்படி அதன் உடல் அமைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் அசையும் ஒரே பொருள் போர்வைக்குள் இருக்கும் கால்.

படுக்கும் முன்பு பத்து நிமிடம் விளையாடுங்கள். ஒரு குச்சியின் முனையில் நூலைக் கட்டி, நூலின் முனையில் ஒரு கோழி இறகையோ துணிக்கிழிசலையோ முடிந்து, எலி ஓடுவதுபோலத் தரையோடு தரையாக நகர்த்துங்கள். மூலைக்குப் பின்னால் மறையுங்கள், சற்று நிறுத்துங்கள். பதுங்குவதும் பாய்வதும் அதற்கு ஒன்றுக்கொன்று தொடர்ந்த செயல்கள். முடிவில் அது பிடிக்க வேண்டும். ஒருபோதும் பிடிபடாத இரை எரிச்சலைத்தான் வளர்க்கும். அதனால்தான் சுவரில் ஒளிப்புள்ளியைக் காட்டி ஓடவிடும் விளையாட்டை நான் பரிந்துரைப்பதில்லை. பிடித்ததும் உடனே இரவு உணவைக் கொடுங்கள். வேட்டை, உணவு, நக்கித் தூய்மை செய்தல், உறக்கம் என்பது அதன் இயல்பான வரிசை. விளையாடி முடித்ததும் நூலை எடுத்துப் பூட்டி வைத்துவிடுங்கள். பூனை விழுங்கினால் நூல் குடலை அறுக்கும்.

ஒரு நுட்பமான செய்தி. உழைத்து உண்ணும் விருப்பத்தைப் பற்றி மேலே சொன்னேன் அல்லவா, வீட்டுப் பூனை அதற்கு விலக்காக இருக்கிறது. 2021-இல் கலிபோர்னியாவில் 17 பூனைகளுக்கு, தட்டில் எளிதாக எடுக்கும் உணவையும், புதிர்ப் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டிய உணவையும் ஒருசேர வைத்துப் பார்த்தபோது, பெரும்பாலானவை தட்டிலிருந்தே தின்றன. ஆகவே நாய்க்குச் சரியானதைப் பூனைக்கு அப்படியே செய்தால் ஏமாற்றம்தான். புதிர் வைத்தால் மிக எளிதானதாகத் தொடங்குங்கள். அது தொடவில்லை என்றால் பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்.


வெண்ணாற்றங்கரை அம்மா

பூனைக்குத் தரையைவிட உயரம் முக்கியம் மகளே. பரணுக்கு ஏற ஒரு வழி செய்து கொடு. சன்னல் ஓரத்தில் அது உட்கார்ந்து தெருவைப் பார்க்க ஒரு பலகை அடித்து வை. ஒரு கட்டையில் சாக்கை இறுகச் சுற்றித் தூண்போல நிறுத்தினால் நகம் கீறிக்கொள்ளும். உன் நாற்காலி பிழைக்கும். பிறகு குப்பைமேனி. அதற்குப் பூனைவணங்கி என்று நம் பக்கம் பெயர் வந்தது சும்மா இல்லை. வேரோடு பிடுங்கி மண்ணைக் கழுவிப் போட்டால் பூனை அதில் முகத்தைத் தேய்த்துப் புரளும். கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்து எறிந்துவிடு. தின்ன விடாதே, தினமும் போடாதே.


நாகூர் வாசி

எங்கள் வீட்டுப் பச்சைக்கிளி தன் மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. கூண்டில் ஊஞ்சலும் மணியும் கட்டியிருக்கிறேன். இன்னும் என்ன செய்யலாம்?


ஒரத்தநாட்டு மாணவன்

அண்ணா, வருத்தத்தோடு நேராகச் சொல்கிறேன். பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. கூட்டமாகப் பறந்து, தென்னம்பொந்தில் கூடு வைத்து, இணையோடு வாழும் பறவை அது. இறகைப் பிடுங்குவது அதன் தனிமையின் அடையாளமாக இருக்கக்கூடும். கூண்டுக்குள் எதைத் தொங்கவிட்டாலும் அந்த இழப்பு ஈடாகாது. நீங்களே திறந்து விட்டுவிடவும் வேண்டாம். பறந்து பழகாத கிளி காக்கைக்கு இரையாகும். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படையுங்கள்.


வேதாரண்யத்து உப்பளம்

நான் அச்சத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் மேல் கரையேறியபோது எங்கள் நாய் மணியன் ஒரு வயதுக் குட்டி. கூரை பறந்த வீட்டின் மூலையில் விடியும் வரை எங்களோடு நனைந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஐப்பசியிலும் காற்று ஓசை எழுந்தாலே உடம்பு நடுங்கும், வாயில் நுரை தள்ளும், கட்டியிருந்த கயிற்றைக் கடித்துக்கொண்டு ஓடுவான். ‘தடவிக்கொடுத்தால் பயம் கூடும், கண்டுகொள்ளாதே’ என்று பலர் சொன்னதை நம்பி இரண்டு மழைக்காலம் அவனைத் தனியே விட்டேன். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு வலிக்கிறது. பயம் ஓர் உணர்ச்சி. ஆறுதல் சொல்வதால் அது பரிசு பெற்று வளர்வதில்லை என்று பிறகுதான் ஒரு மருத்துவர் விளக்கினார்.

கட்டிலுக்கு அடியில் பழைய வேட்டிகளைப் போட்டு, முன்பக்கம் கோரைப்பாயைத் தொங்கவிட்டு ஒரு குகைபோலச் செய்தேன். வெயில் நாட்களிலேயே அங்கே அவனுக்குச் சோறு வைத்துப் பழக்கினேன். புயல் நாளில் முதன்முதலாகக் காட்டினால் அது வெறும் இருட்டுப் பொந்துதான். கட்டுவதை அறவே நிறுத்தினேன். காற்று எழுந்தால் அவனே உள்ளே போகிறான், சில வேளை என் மடிக்கு வருகிறான். இரண்டும் அவன் விருப்பம். ஒரு கொட்டாங்குச்சியில் கெட்டித் தயிர்ச்சோற்றை அழுத்தி வைத்தால் காற்று அடங்கும் வரை நக்கிக்கொண்டிருப்பான். கொட்டாங்குச்சியின் நாரை நன்றாகச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். நடுக்கம் முழுதாகப் போகவில்லை. ஓடிப்போவது நின்றுவிட்டது.


குடமுருட்டிக்கரை (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

எல்லாருக்கும் நன்றி. காலில் பூஞ்சைத் தொற்று இருந்தது. மருந்து பூசுகிறோம், முடி முளைக்கத் தொடங்கியிருக்கிறது. அதை வெறும் மனக்கவலை என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் எத்தனை நாள் அரிப்போடு கிடந்திருப்பாள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தம்பிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

சங்கிலியை எடுத்துவிட்டோம். கொல்லையைச் சுற்றி மூங்கில் தட்டி அடைத்து வாழைக்கன்றுகளைத் தனியே பிரித்தோம். முதல் இரண்டு நாள் சங்கிலி இல்லாமலேயே அவள் அதே தூணுக்குப் பக்கத்தில், அதே வட்டத்துக்குள் படுத்திருந்தாள். அதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்றாம் நாள், வெண்ணாற்றங்கரை அம்மா சொன்னபடி நீளக் கயிற்றோடு வாய்க்கால் கரைக்குப் போனோம். ஒரே புங்கமரத்தடியில் பத்து நிமிடம் மோந்தாள். நான் அசையாமல் நின்றேன். ஒரு வாரத்துக்குப் பிறகு, நான் கயிற்றை எடுக்கும் ஓசை கேட்டு எழுந்து நிற்கிறாள்.

தோண்டுவதற்கென்று கொல்லை மூலையில் ஒரு குழி வெட்டி ஆற்று மணல் நிரப்பினேன். இறைச்சித் துண்டு புதைத்தேன், பந்தைப் புதைத்தேன்; எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. அப்பா வயலில் தலையில் கட்டும் துண்டு துவைக்காமல் பரணில் கிடந்தது. அதை ஒரு முழ ஆழத்தில் புதைத்தேன். சற்று நேரத்தில் மணல் பறக்கும் ஓசை கேட்டது. துண்டை வெளியே இழுத்து, கிழிக்காமல், வாயில் கவ்விக்கொண்டு திண்ணைக்குப் போனாள். அதன் மேல் தலை வைத்து உறங்கினாள். அதிலிருந்து குழியில் எதைப் புதைத்தாலும் தோண்டுகிறாள்.

ஒரு கேள்வி: இந்தத் துண்டு அவள் ஏக்கத்தைக் கூட்டிவிடாதா?


ஒரத்தநாட்டு மாணவன்

துண்டை எடுத்துவிட வேண்டாம் அக்கா. அவளாகத் தேடி எடுத்து, அதன் மேல் அமைதியாக உறங்குகிறாள். அவள் நடத்தையே விடை சொல்லிவிட்டது. அதைக் கண்டதும் பரபரத்து வாசலுக்கும் கொல்லைக்கும் ஓடினால் அல்லது முனகினால் மட்டும் எடுத்து வையுங்கள். மணம் நாளடைவில் குறையும். அப்பா கட்டிய வேறொரு துணியைத் தங்கை அனுப்பலாம்.

இன்னொன்று. ஆர்வத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாதீர்கள். நாய் ஒரு நாளில் பாதிக்கு மேல் உறங்கியும் ஓய்ந்தும் கழிக்கும் விலங்கு. உறக்கமும் அதன் தேவைகளுள் ஒன்று.


மன்னார்குடி உழவன்

நான் முன்பு எழுதியதைத் திரும்பப் படித்தேன். என் வீட்டு நாயையும் பகலில் கட்டித்தான் வைத்திருக்கிறேன் என்பதை அப்போது சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். தாத்தாவின் நாய்களைக் கட்டியிருந்தார்களா என்று அம்மா கேட்டது சில நாட்கள் என்னை விடவில்லை. இப்போது காலையில் அவனை வயலுக்கு அழைத்துப் போகிறேன். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்ததும் எல்லா வயலிலும் வேலை தொடங்கிவிடும். அப்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்று தம்பி சொன்னால் நன்றாக இருக்கும்.


ஒரத்தநாட்டு மாணவன்

மிக்க மகிழ்ச்சி அண்ணா. முதலாவது, நஞ்சு. நாற்று நட்ட பிறகு எலிக்கும் நண்டுக்கும் வைக்கும் விஷச் சோறு நாய்க்கும் மணக்கும். அக்கம்பக்கத்து வயல்காரர்கள் எந்த நாளில், எந்த வரப்பில் வைக்கிறார்கள் என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். அந்நாட்களில் கயிற்றை விடாதீர்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல், மருந்துப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டாவது, எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரால் நாய்க்கும் மனிதருக்கும் அது வரும். நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கும் மருந்து உண்டு. வெறிநாய்க்கடித் தடுப்பூசி ஆண்டுதோறும் கட்டாயம். வீடு திரும்பியதும் காதுமடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள். அந்தி சாய்ந்த பிறகு வரப்பில் விரியன் இருக்கும். அதற்கு முன்பே திரும்பிவிடுங்கள்.


கும்பகோணம் மாடிவீடு

சுருக்கமாகத் தெரிவிக்கிறேன். பத்து நாளாக இரவு விளையாட்டும் அதன்பின் உணவும் நடக்கின்றன. நான்கு மணித் தாக்குதல் இரண்டு முறைதான் நடந்தது. சன்னல் பலகையை என் மாமியாரே தச்சரிடம் சொல்லிச் செய்து வாங்கினார். மாலையில் பூனையும் அவரும் சேர்ந்து தெருவைப் பார்க்கிறார்கள்.


குடமுருட்டிக்கரை

இது என் அடுத்த தகவல். நேற்று அப்பாவைத் தங்கை காரில் அழைத்து வந்தாள். ஊன்றுகோலோடு இறங்கினார். கருப்பி பாய்ந்து அவரைத் தள்ளிவிடுவாளோ என்று அஞ்சி நான் கயிற்றைப் பிடித்திருந்தேன். அவள் பாயவில்லை. ஊன்றுகோலை அடியிலிருந்து மேல்வரை மோந்தாள், பிறகு அவருடைய முழங்காலை வெகுநேரம் மோந்தாள், அதன்பின் உடம்பு முழுவதையும் அவர் காலில் சாய்த்து நின்றாள். மாலையில் மூவரும் வயல் தலைப்பு வரை மெல்ல நடந்தோம். குத்தகைக்காரர் நாற்றங்கால் அடித்துக்கொண்டிருந்தார். அப்பா மதகுக் கட்டையில் உட்கார, அவள் நண்டு வளைகளைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பா இன்று காலை திருச்சிக்குத் திரும்பிவிட்டார். நான் பள்ளி விட்டு வந்தபோது மூங்கில் தட்டியின் ஒரு மூங்கிலைப் பெயர்த்து, கொடியிலிருந்து என் கணவரின் சட்டை ஒன்றைக் கீழே இழுத்துப் போட்டிருந்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு செய்த முதல் சேட்டை. வாசலில் என் காலடி கேட்டதும் குரைத்துக்கொண்டு ஓடிவந்தாள். நண்பகலில் ஒரு மணி நேரம் அவளோடு இருக்கவும் வாய்க்கால் வரை நடத்திவரவும் எதிர்வீட்டுப் பாட்டியின் பேரன் ஒப்புக்கொண்டிருக்கிறான். கல்லூரிக்கு மாலை வகுப்புத்தான் போகிறான். அவனுக்கு முதல் வாரத்தில் எவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதினால், அச்சிட்டு அவனிடம் கொடுப்பேன்.